மூன்று கொட்டேஷனும் ஓர் இறக்கமும்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலிலும் வாக்காளர் பட்டியலிலும் அது பத்திரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவர் 'மூணு கொட்டேஷன்'தான். எதிரில் நின்றால் 'சார்' என்பார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் 'கொட்டேஷன்' என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். நாம் மட்டும் என்ன, அவர் முகத்துக்கு நேரேயா பேசிக்கொண்டிருக்கிறோம்?

கொட்டேஷனுக்கு ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஊசியோ, படுக்கை விரிப்போ, எது வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலை கேட்டு, மூன்றையும் ஒரு பெரிய தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டு, கடைசிக் கட்டத்தில் 'முடிவு' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விதி நல்ல விதிதான். அதை எழுதிய புண்ணியவான், கடைசிக் கட்டத்துக்கு வந்து சேரவே மனமில்லாத ஒருவர் அந்த நாற்காலியில் வந்து உட்காருவார் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். எலும்பு முறிவு வார்டுக்கு மெத்தை வாங்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவரை நோயாளிகள் நடுவில் குழி விழுந்த பழைய மெத்தையில் படுத்தார்கள். காலை ஒட்டவைக்க வந்தவர்கள் கால் சரியாகி, இடுப்பு வலியோடு வீட்டுக்குப் போனார்கள். "அவசரப்பட்டிருந்தா மட்டமான மெத்தை வந்து சேர்ந்திருக்கும்" என்று கொட்டேஷன் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் 'பதறாத காரியம் சிதறாது' என்று அவரே எழுதிவைத்த சீட்டு ஒன்று இருக்கிறது.

இந்த வியாதியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். மின்விசிறி தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு கோடை முழுவதும் போயிற்று. மூக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம் முடிவாவதற்குள் கண்ணின் பவர் மாறிவிட்டது. கல்யாண விஷயத்தில் மட்டும் அவருடைய அக்கா முந்திக்கொண்டு பேசி முடித்துவிட்டாள். இல்லாவிட்டால் மனிதர் இன்னும் இரண்டு கொட்டேஷன் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

அக்கா பார்த்துக் கொடுத்த மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். காலை ஏழு மணிக்கு அவள்தான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பவர்களுக்கு ஏழு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் கோபம் வந்துவிடும். ஆனாலும் அவள் கைக்காகவே நாலு தெரு தள்ளியிருந்தும் ஆட்கள் வந்தார்கள். குழந்தைகளின் நரம்பு கூட அவள் விரலுக்குத் தப்பாது. "குத்தினதே தெரியலம்மா" என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க அவளுக்கு அது போதும்.

அவர்கள் வீடு மேட்டில் இருந்தது. பரிசோதனைக் கூடம் பள்ளத்தில். நடுவில் செங்குத்தான ஓர் இறக்கம். இறக்கத்தின் அடியில் குடிநீர்த் தொட்டியின் சுவர். அந்தச் சுவரை ஒட்டி ரோடு சட்டென்று வலது பக்கம் திரும்பும். அந்தப் பக்கமிருந்து வருகிற வண்டி கிட்டே வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. தொட்டிச் சுவரைப் பூசுவதற்காகக் கொட்டிய மணல், இரண்டு வருஷமாக வளைவின் ஓரத்தில் அப்படியே கிடக்கிறது. அங்கேயும் யாரோ மூன்று கொட்டேஷனுக்குக் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

அந்த இறக்கத்தில்தான் அவள் தினமும் சைக்கிளில் இறங்கினாள். பழைய லேடீஸ் சைக்கிள். பிரேக்கின் ரப்பர் கட்டைகள் தேய்ந்து, ஒயர் நைந்து, லீவரை அழுத்தினால் அது அசட்டுத்தனமாக ஹேண்டில் பாரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"என்னங்க, என் வண்டியில பிரேக் பிடிக்கல. கொஞ்சம் பாருங்க" என்று அவள் முதல் தடவை சொன்னது சரியாகப் பதினொரு மாதத்துக்கு முன்னால்.

"பார்த்துடலாம்" என்றார் கொட்டேஷன்.

அதே வாரத்தில்தான் வீட்டுக்கு இன்னொரு சைக்கிள் வந்தது. கொழுப்பு ஏறியிருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் ஒருவர் கொட்டேஷனிடம் சொல்லியிருந்தார். மாற்றலாகிப் போன இன்னொரு டாக்டர், தன் மலை சைக்கிளை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பருத்த டயர், முன்பக்கம் அமுங்கி எழும் ஃபோர்க், இரண்டு சக்கரத்திலும் பிரேக் கவ்விப் பிடிக்கப் பளபளவென்று இரும்புத் தட்டு. எல்லாம் இருந்தது. பிரேக் மட்டும் இல்லை. பழைய பிரேக்கில் ஆயில் ஒழுகியதால் டாக்டர் கழற்றி எறிந்துவிட்டாராம். "உங்களுக்குப் பிடிச்ச டிஸ்க் பிரேக்கா பார்த்துப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் சொல்கிறோம் என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மேட்டு முனையில் சைக்கிள் மெக்கானிக்கின் கடை. கொட்டேஷன் அங்கே போய் விசாரித்தார்.

"ரெண்டு வகை சார்" என்றார் மெக்கானிக். "ஒண்ணு கம்பி இழுக்கிறது. நடுவழியில மக்கர் பண்ணினா நீங்களே திருகி இறுக்கிக்கலாம். இன்னொண்ணு ஆயில். ஒத்தை விரலால தொட்டா நிக்கும். ஆனா உள்ள காத்து புகுந்துட்டா என்கிட்டதான் வரணும். நீங்க எங்க ஓட்டப் போறீங்க?"

"மலையில."

"எந்த மலையில?"

"மலை இன்னும் முடிவாகல. முதல்ல பிரேக் முடிவாகணும்."

மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்தபடி அவரை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டுமே நிக்கும் சார்" என்றார்.

"ரெண்டுதானா? மூணாவது இல்லையா?" என்றார் கொட்டேஷன்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் பெரிய தாள் விரிந்தது. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, இடது ஓரத்தில் வரிசைகளை எழுதினார். மழையில் எப்படி, தூசியில் எப்படி, எடை என்ன, கீச்சென்று கத்துமா, உள்ளே வைக்கிற கட்டை பிசினில் செய்ததா உலோகத்திலா, தட்டு நூற்றறுபது மில்லிமீட்டரா நூற்றெண்பதா என்று பத்தொன்பது வரிசைகள் தேறின. சேற்றிலும் பாறையிலும் வெள்ளைக்காரர்கள் பாய்ந்து இறங்குகிற வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினார். மலை சைக்கிளை ஹாலில் தனி ஸ்டாண்டு ஒன்றில் ஏற்றி நிறுத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் பார்ப்பார். வீடியோவில் ஆள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம், லீவரே இல்லாத ஹேண்டில் பாரில் இவரும் இரண்டு விரலை மடக்குவார். மற்ற நேரத்தில் அந்த ஹேண்டில் பாரில் ஈரத் துண்டு காய்ந்தது.

மூன்றாவது மாதம் அவருக்கு மூன்றாவது கொட்டேஷன் கிடைத்தது. லீவரிலிருந்து சக்கரம் வரை கம்பி, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆயில் என்று பாதிப் பாதியாக ஒரு பிரேக் எங்கேயோ விற்கிறதாம். கொட்டேஷன் அன்று சந்தோஷத்தில் இரண்டாவது தடவை காப்பி கேட்டார். பழைய தாளில் மூன்றாவதற்கு இடமில்லை. எனவே புதுத் தாள் விரித்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"என்னங்க, என் வண்டி…" என்றாள் மனைவி.

"இது முடியட்டும். அந்தச் சூட்டோட உன்னுதையும் பார்த்துடலாம்."

நாலாவது மாதம் அவள் பொறுமை இழந்து, மெக்கானிக்கிடம் ஒரு ஜோடி ரப்பர் கட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. மூன்றாம் நாள் கொட்டேஷன் கண்ணில் பட்டுவிட்டது.

"யாரைக் கேட்டு வாங்கினே? ஒரே கடையில கேட்டு ஒரு பொருளை வாங்குவாங்களா? ஆழம் தெரியாம காலை விடக்கூடாதும்மா. நான் விசாரிச்சு நல்லதா வாங்கித் தரேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்பானரை எடுத்துத் தானே கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேய்ந்த கட்டைகளையே பழையபடி மாட்டினார். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வீம்பு உண்டு. இவராகப் பார்க்கட்டும், அதுவரை நானும் அதைத் தொடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டாள். அந்த வீட்டில் முடிவு என்று ஒன்று எடுக்கத் தெரிந்தவள் அவள்தான். அதையும் இதில் போய் எடுத்தாள்.

அதன் பிறகு அவள் இறக்கத்தில் காலால் பிரேக் பிடித்தாள். சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்து, இடது காலின் ஷூ முனையைத் தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டே இறங்குவாள். கான்வாஸ் ஷூ என்ன பாவம் செய்தது? இரண்டு மாதத்தில் இடது முனை ஓட்டையாகிவிடும். வருஷம் முடிவதற்குள் மூன்று ஜோடி போயிற்று.

மூன்றாவது ஜோடி குப்பைக்குப் போகும்போது கொட்டேஷன் அதைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது ஷூ புதிது போல் இருக்கிறது. இடதில் மட்டும் முனை தேய்ந்து விரல் நுழைகிற ஓட்டை. முந்திய இரண்டு ஜோடியிலும் அதே இடம், அதே ஓட்டை. ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். "இந்தக் கம்பெனிக்காரன் இடது கால் ஷூவுக்கு மட்டும் மட்டமான ரப்பர் போடறான்."

மனைவி அவரையே பார்த்தாள். "அப்படியா?" என்றாள்.

"அப்படித்தான். நீ இதையெல்லாம் கவனிக்கமாட்டே." ஷூ கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் புகார்க் கடிதம் எழுதினார். பிறகு ஷூவுக்காகத் தனியாக ஒரு தாள் விரித்தார். ஊசி போகிற இடத்தைப் பார்ப்பான், உலக்கை போகிற இடத்தைப் பார்க்கமாட்டான் என்பார்கள். நம் ஆள் ஊசி போன இடத்துக்கு அட்டவணையே போட்டுவிட்டார்.

பதினோராவது மாதத்தில் ஒரு நாள் காலை, வளைவில் அவள் எதிரே ரொட்டி வேன் வந்துவிட்டது. கால் தேய்த்தும் வண்டி நிற்கவில்லை. அவள் ஹேண்டில் பாரை ஒடித்துத் தொட்டிச் சுவரில் மோதினாள். வேன் டிரைவர் இறங்கி வந்து திட்டிவிட்டுப் போனான். வலது உள்ளங்கை சுவரில் உராய்ந்து தோல் வழன்றுவிட்டது. அந்தக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் அன்று ரத்தம் எடுத்தாள். வழக்கமாக வருகிற ஒரு பெரியவர், "இன்னிக்கு வலிக்குதும்மா" என்றார். சுவரில் மோதியதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

மாலையில் கொட்டேஷன் வீட்டுக்கு வந்ததும் அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"இன்னிக்கு வேனுக்கு அடியில போயிருப்பேன். எனக்குச் சோறு போடறது இந்தக் கைதாங்க. இது போச்சுன்னா என்ன பண்றது?"

கொட்டேஷன் கையைப் பார்த்தார். உண்மையாகவே பதறினார், அதை மறைக்கக் கூடாது. "மருந்து போட்டியா? ஊசி போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினார். "இந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா முடிச்சுடறேன். சூடு தாங்கறது ஒரு வரிசைதான் பாக்கி. நீளமான இறக்கத்துல ஆயில் சூடாகுமாமே, அதை மட்டும் பார்த்துட்டா போதும். அப்புறம் உன்னுது ஒரு விஷயமா?"

அவள் அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு, "கடை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். எந்தக் கடை என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் எழுந்து ஹாலுக்கு வந்தபோது மலை சைக்கிளைக் காணவில்லை. ஸ்டாண்டு மட்டும் நின்றது. ஈரத் துண்டு மடித்து நாற்காலி மேல் வைத்திருந்தது. திருடு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். மேஜையைப் பார்த்தார். பெரிய தாள் விரித்தபடியே கிடந்தது. இத்தனை மாதமாகக் காலியாக இருந்த 'முடிவு' கட்டத்தில் மனைவியின் கையெழுத்து. 'வண்டியை எடுத்துட்டுப் போறேன்.'

அந்த வண்டியில் பிரேக் இல்லை என்பது இந்த உலகத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதைத்தானே பதினொரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். பிரேக்கே இல்லாத வண்டியில் அவள் அந்த இறக்கத்தில் இறங்கப் போகிறாள். தொட்டிச் சுவர், வளைவு, ரொட்டி வேன், எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. அந்த நிமிஷத்தில் அவர் எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. ஆபீஸ் ஷூவைக் கயிறு கட்டாமல் மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சுவரில் சாய்ந்து நின்ற அவளுடைய லேடீஸ் சைக்கிளில் ஏறினார். மிதித்தார்.

மெக்கானிக் கடையைத் தாண்டும்போது, "சார், சார், அந்த வண்டியில போகாதீங்க!" என்று குரல் கேட்டது. அதற்குள் முன்சக்கரம் இறக்கத்தில் தலையைக் கவிழ்த்துவிட்டது.

நாலு மிதி மிதித்த பிறகு மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. காற்று காதில் இரைந்தது. வலது லீவரைப் பிடித்தார். அது ஹேண்டில் பாரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. இடது லீவரைப் பிடித்தார். பின்னால் எதுவோ கீச்சென்று கத்தியது; வேகம் குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். பத்தொன்பது வரிசையில் எங்கேயும் இல்லாத ஒரு விஷயம் அப்போது அவருக்கு விளங்கியது. 'பிடிக்கல' என்று அவள் சொன்னது இதைத்தான்.

வேறு வழி தெரியாமல் அவருடைய இடது கால் தானாகவே ரோட்டுக்கு இறங்கியது. ஷூவின் முனை தாரில் உரசி ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. தொட்டிச் சுவர் எழுந்து வந்தது. வளைவுக்கு அப்பால் ஹாரன் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஹேண்டில் பாரை இடப்பக்கம் ஒடித்தார். யாரோ இரண்டு வருஷமாகத் தீர்மானிக்காமல் போட்டுவைத்த மணல் மேடு, வாயிலும் மூக்கிலுமாக அவரை ஏற்றுக்கொண்டது.

ரொட்டி வேன் அவரைக் கடந்து நிதானமாக மேடேறிப் போயிற்று.

கொட்டேஷன் எழுந்து உட்கார்ந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. மூக்கிலிருந்த மணலைச் சிந்தினார். இடது காலைப் பார்த்தார். ஷூவின் முனை தேய்ந்து, அடி பிளந்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வலது ஷூ புதிது போல் இருந்தது.

அவர் அந்த ஓட்டையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரனுக்கு எழுதிய இரண்டு பக்கக் கடிதம் நினைவுக்கு வந்தது. பதினொரு மாதம், தினமும், இந்த இறக்கம். இவருக்கு ஒரே தடவை இறங்கியதில் கை கால் உதறுகிறது. அவள் கீழே போய்ச் சேர்ந்ததும் அதே கையால் குழந்தைகளுக்கு வலிக்காமல் ஊசி குத்தியிருக்கிறாள். கொட்டேஷனுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

சைக்கிளை மணலிலேயே விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். ஷூவின் அடி, ஒவ்வோர் அடிக்கும் ரோட்டில் பட்டுப் பட்டென்று அடித்தது. கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே மலை சைக்கிள் பூட்டப்பட்டு ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அவருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழைய புத்தியும் வந்துவிட்டது. சக்கரத்தில் புதிதாக என்னவோ மாட்டியிருக்கிறது. குனிந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். குனியப் பார்த்தார். முழங்கால் இடம் தரவில்லை.

உள்ளே ஏழெட்டுப் பேர் வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி எதிரில் இருந்தவரின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். கதவில் நிழலாடியதும் நிமிர்ந்தாள். மணல் அப்பிய முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது ஷூவைப் பார்த்தாள். அங்கே அவள் கண் கொஞ்சம் நின்றது.

"அப்படி உட்காருங்க" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலியே? அந்த வண்டியில பிரேக்கே கிடையாதேம்மா!"

"நேத்து சாயங்காலமே மெக்கானிக்கிட்ட சொல்லி வெச்சேன். காலைல அரை மணி நேரத்துல போட்டுக் கொடுத்துட்டாரு."

கொட்டேஷன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நாள் அத்தோடு போயிருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் லேசில் போகுமா?

"எதைப் போட்டாரு?" என்றார் மெதுவாக. "கம்பியா, ஆயிலா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி ஊசியை உருவி, பஞ்சை வைத்து, "கையை மடக்கி வெச்சுக்கோங்க" என்று எதிரில் இருந்தவரிடம் சொன்னாள். பிறகு ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு வந்து கணவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய உள்ளங்கையில் நேற்றுச் சுற்றிய துணி அப்படியே இருந்தது.

"தெரியலங்க" என்றாள். "பிடிச்சேன், நின்னுச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மலை சைக்கிளைப் பார்த்தார்.

"என் வண்டி எங்க?"

"மணல்ல கிடக்கு."

"பிரேக் பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன்."

"நின்னுச்சா?"

கொட்டேஷன் தலையைக் குனிந்துகொண்டார். கிழிந்த ஷூவுக்குள்ளிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது.

"நிக்கல" என்றார்.

"அதைத்தாங்க பதினொரு மாசமா சொன்னேன்" என்று சொல்லி, அவள் ஸ்பிரிட் பஞ்சை அவர் முழங்காலில் வைத்து அழுத்தினாள். அவள் கையால் யாருக்கும் அதுவரை அப்படி வலித்ததில்லை.